போர்வெல் கேபிள் திருட்டைத் தடுக்க முழுமையான வழிகாட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு

கேபிள் அறுக்க வருகிறவனுக்கு இரண்டு விஷயம் வேண்டும். யாரும் பார்க்காத பத்து நிமிஷம் ஒன்று. எங்கே கிடைத்தது என்று கேட்காமல் காப்பரை எடை போடும் கடை இன்னொன்று. கீழே சொல்லியிருக்கும் வேலைகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைக் கெடுப்பதற்குத்தான்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலை செய்கிறேன். ஒயர் போனதும் பலரும் என்ன செய்கிறார்கள் என்றால், பயிர் காய்கிறதே என்று மறுநாளே புது ஒயரை அதே தடத்தில், அதே மாதிரி தரைமேல் இழுத்து விடுகிறார்கள். அப்புறம் ஒரு கேமரா வாங்குகிறார்கள். புது ஒயர் என்றால் முழு நீளம், ஒட்டு இல்லாத சுத்தமான காப்பர். போன முறை வழி பழகியவனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறு இல்லை. அதனால் வரிசை முக்கியம். கேமரா இந்த வழிகாட்டியில் ஏழாவதாகத்தான் வருகிறது.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

உங்கள் நிலத்தில் எவ்வளவு காப்பர் வெளியே கிடக்கிறது என்று தெரியாமல் பாதுகாப்புக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று முடிவு செய்ய முடியாது.

கணக்கு சுலபம். 4 ஸ்கொயர் எம்.எம். (உள்ளே ஓடும் ஒவ்வொரு காப்பர் ஒயரின் குறுக்களவு) மூன்று கோர் ஃபிளாட் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 107 கிராம் காப்பர் இருக்கும். 6 ஸ்கொயர் என்றால் 160 கிராம். மீட்டர் பெட்டியிலிருந்து போர் வரைக்கும் 200 அடி ஓடுகிறது என்று வையுங்கள். 4 ஸ்கொயரில் ஆறரை கிலோ, 6 ஸ்கொயரில் கிட்டத்தட்ட பத்து கிலோ. அவ்வளவும் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கட்டிங் பிளேயருக்காகக் காத்திருக்கிறது.

போருக்குள் இறங்கியிருக்கும் ஒயர் இதைவிட நீளம். ஆனால் அது பைப்போடு சேர்த்துக் கட்டியிருப்பதால் எளிதில் வராது. நூற்றுக்கு முக்கால்வாசி ஆபத்து தரைமேல் ஓடும் பகுதியில்தான். பணம் குறைவாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் முதலில் சரி செய்யுங்கள்.

கணக்குப் போடும்போதே மோட்டார் பெயர்ப்பலகை எண், ஸ்டார்ட்டர் எண், மின் இணைப்பு எண், நிலத்தின் சர்வே எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மோட்டாரை ஏதாவது காரணத்துக்கு மேலே எடுக்கும் நாளில்தான் பெயர்ப்பலகையைப் பார்க்க முடியும். அந்த நாளைத் தவற விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

2. பில், படம், ஓரடி ஒயர்

திருட்டுப் பொருள் பிடிபட்டும் பல பேருக்குத் திரும்பக் கிடைக்காமல் போவது, "இது என்னுடையதுதான்" என்று காட்ட எதுவும் இல்லாததால்.

கேபிள் வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். அந்தப் பில்தான் பின்னால் புகாரில் மதிப்பைக் காட்டும். கேபிளின் மேல் அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயர், அளவு, மீட்டர் எண் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள்.

அதே கேபிளில் ஓரடி வெட்டி, பில்லோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். இதைச் சொன்னால் பலரும் எதற்கு என்கிறார்கள். தோலைச் சீவினாலும் எரித்தாலும் மேலே இருக்கும் அச்சு போய்விடும். உள்ளே இருக்கும் இழைகளின் எண்ணிக்கையும் கனமும் போகாது. பிடிபட்ட காப்பரோடு பக்கத்தில் வைத்துக் காட்ட அந்த ஓரடி உதவும்.

மோட்டார் உடம்பு, ஸ்டார்ட்டர் பெட்டி, கேட் வால்வு இவற்றில் பஞ்ச் வைத்து உங்கள் பெயரின் முதல் எழுத்துகளையும் மின் இணைப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் அடித்து விடுங்கள். பெயிண்டில் எழுதினால் தின்னர் தொட்டுத் துடைத்து விடுவான்.

3. தரைமேல் ஓடும் ஒயரை மண்ணுக்குள் கொண்டு போங்கள்

இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றதில் பாதி தேவைப்படாது. தவறுகள் அதிகம் நடப்பதும் இதில்தான். நிதானமாகப் படியுங்கள்.

மீட்டர் பெட்டியிலிருந்து போர் வாய் வரைக்கும் காப்பர் ஃபிளாட் கேபிளுக்குப் பதில் அலுமினிய ஆர்மர்டு கேபிள் போடுங்கள். அலுமினியம் எடை குறைவு, கிலோ விலையும் காப்பரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே. மேலே சுற்றியிருக்கும் இரும்புக் கம்பியைப் பிரித்து, தோலுரித்து, அதை எடுக்கும் உழைப்புக்கு விலை தகையாது. திருடனும் கணக்குப் போடுகிறவன்தான்.

அலுமினியம் காப்பர் அளவுக்கு மின்சாரம் கடத்தாது. 4 ஸ்கொயர் காப்பர் இருந்த இடத்தில் 4 ஸ்கொயர் அலுமினியம் போட்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். குறைந்தது 1.6 மடங்கு வேண்டும். தூரம் அதிகமிருந்தால் 10 ஸ்கொயராகவே போட்டு விடுவது நல்லது. மோட்டார் ஹெச்.பி.யையும் தூரத்தையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முடிவு செய்யுங்கள்.

பள்ளம் இரண்டரை அடி ஆழம். டிராக்டர் கலப்பை ஓரடிக்கு மேல் அவ்வளவாகப் போகாது என்றாலும், நாளைக்கு வரப்பு வெட்ட ஜே.சி.பி. வரும். அடியில் ஒரு சாண் மணல், அதன் மேல் கேபிள், மறுபடி மணல், அதன் மேல் வரிசையாகச் செங்கல் அல்லது உடைந்த ஓடு. நம் பக்கத்துச் சரளை மண்ணில் மணல் இல்லாமல் போட்டால், கூர்மையான கல் தோலைக் கிழித்து விடும். செங்கல் எதற்கென்றால், பின்னால் தோண்டுகிறவனுக்குக் கீழே ஒயர் இருக்கிறது என்று தெரிவதற்கு.

இதில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, சாதாரண ஃபிளாட் கேபிளை அப்படியே மண்ணில் புதைப்பது. கரையானும் எலியும் கடிக்கும், ஒட்டுப் போட்ட இடத்தில் ஈரம் ஏறும். ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம்.

இரண்டாவது, பி.வி.சி. பைப்பை நேராகப் போட்டு அதற்குள் ஒயரை விடுவது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் ஒரு முனையை அறுத்து மறுமுனையைப் பிடித்து இழுத்தால் முழு ஒயரும் வழுக்கிக்கொண்டு வரும். தரைமேல் கிடந்தால் சுருட்டவாவது வேண்டும்; இது அதைவிடச் சுலபம். ஏற்கெனவே பைப்பில் போட்டு விட்டீர்கள் என்றால், இரண்டு முனையிலும் ஓரடி நீளத்துக்கு சிமெண்ட் கலவை அடைத்து விடுங்கள்.

மூன்றாவது, அலுமினியத்தையும் காப்பரையும் முறுக்கி டேப் சுற்றி விடுவது. இரண்டும் நேரடியாகத் தொட்டால் அரித்து, தளர்ந்து, சூடேறி எரியும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டல் லக் போட்டு, போர் வாய்க்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இணைப்பு கொடுங்கள். மண்ணுக்குள் இணைப்பு வைக்காதீர்கள்.

ஆர்மர் கம்பியை எர்த்தோடு இணைக்க மறக்க வேண்டாம். கடப்பாரை பட்டுக் கேபிள் கிழிந்தால் ஃபியூஸ் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் தோண்டுகிறவர் உயிர் போகும்.

4. போர் வாயைப் பூட்டுங்கள்

தரைமேல் இருந்தது மண்ணுக்குள் போனதும் அடுத்த பலவீனமான இடம் போர் வாய். அங்கே ஒயர் வெளியே வந்து வளைந்து நிற்கும் இரண்டு மூன்று அடிதான் கைக்கு எட்டும்.

வெல்டிங் பட்டறையில் சொல்லி, 4 அல்லது 5 எம்.எம். தகட்டில் போர் வாயையும் இணைப்புப் பெட்டியையும் சேர்த்து மூடுகிற மாதிரி கீல் வைத்த கூடு செய்யுங்கள். பூட்டுத் தொங்கும் இடத்தைச் சுற்றி ஒரு துண்டு இரும்புப் பைப் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். சாவி போட கை நுழையும், கட்டர் நுழையாது.

கூட்டின் கால்களை கான்கிரீட்டில் பதியுங்கள். பதிக்காமல் விட்டால் கூடே பழைய இரும்பாகப் போகும். நிரந்தரமாகப் பற்றவைத்து மூடவும் கூடாது. கோடையில் நீர்மட்டம் இறங்கி மோட்டாரை இன்னும் இரண்டு பைப் இறக்க வேண்டி வந்தால், கேஸ் கட்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

போருக்குள் இறங்கும் ஒயரைப் பத்து அடிக்கு ஒரு கட்டு வீதம் பைப்போடு கட்டுங்கள், போர் வாயில் ஒரு கிளாம்ப் வையுங்கள். கிளாம்ப் இல்லாமல் வெளியே அறுத்து விட்டால், மீதி முனை உள்ளே நழுவும். இருபது அடி ஒயருக்காக முழு மோட்டாரையும் மேலே எடுக்கும் கூலி கொடுக்க வேண்டி வரும்.

5. கிணற்று மோட்டார், ஸ்டார்ட்டர், சோலார்

கிணற்றில் தொங்கும் மோட்டாரைக் கயிற்றோடு சேர்த்தே தூக்கி விடுவார்கள். நைலான் கயிற்றோடு ஒரு சங்கிலியும் போட்டு, கிணற்று மேட்டில் கான்கிரீட்டில் பதித்த வளையத்தில் பூட்டுங்கள். ஃபுட் வால்வு பித்தளை என்றால் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் தகரக் கதவு போட்ட ரூமில் வைத்தால் மட்டும் போதாது. கதவின் கீல் வெளியே இருந்தால், பூட்டைத் தொடாமல் கீலைக் கழற்றுவார்கள்.

சோலார் பம்பு வைத்திருப்பவர்கள் பேனல் போல்ட்டுகளை, முறுக்கியதும் தலை உடைந்து போகும் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். பேனலிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் ஒயரும் காப்பர்தான். அதையும் பைப்புக்குள் விட்டு முனையை அடைத்து விடுங்கள்.

6. அலாரம்: கரண்ட் இல்லாதபோதும் கத்த வேண்டும்

ஒயர் அறுக்க வருகிறவன் மின்சாரம் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவான், அல்லது ஃபியூஸைப் பிடுங்கி விட்டு அறுப்பான். எனவே மின்சாரத்தில் மட்டும் ஓடும் அலாரம், தேவைப்படும் அந்த நேரத்தில் ஊமையாக இருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதை வாங்குங்கள் அல்லது செய்யச் சொல்லுங்கள்.

வேலை செய்யும் விதம் இப்படி: கேபிளோடு சேர்த்து மெல்லிய இரண்டு இழை ஒயர் ஒன்றை முழு நீளத்துக்கும் கட்டி, கடைசி முனையில் இரண்டையும் இணைத்து விடுவார்கள். பேட்டரி மின்சாரம் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும். கேபிளை அறுக்கும்போது இதுவும் அறும். சுற்று நின்றதும் ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) விழுந்து சைரன் கத்தும், சிம் போட்ட வகை என்றால் உங்கள் போனுக்கு அழைப்பு வரும்.

போனில் மோட்டார் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அதுவே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மோட்டார் நிற்கும்போது ஸ்டார்ட்டருக்கு அப்பால் ஒயரை அறுத்தால், அதில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. மறுநாள் மோட்டார் ஓடவில்லை என்று வேண்டுமானால் சொல்லும்.

சைரனைப் போர் பக்கத்தில் வைக்காமல், ஆள் இருக்கும் கொட்டாய்ப் பக்கமாக உயரத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை அந்த மெல்லிய ஒயரின் முனையைக் கழற்றிப் பார்த்து, கத்துகிறதா என்று சோதியுங்கள். அலாரம் இருந்தும் திருடு போன இடங்களில் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கிறது: சிம் ரீசார்ஜ் முடிந்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், எலி கடித்து அடிக்கடி கத்துகிறது என்று யாரோ அணைத்து வைத்திருப்பார்கள்.

7. கேமரா வேண்டுமென்றால்

போரைப் பார்த்து வைக்காதீர்கள். இரவில் முகத்தை மூடி வருகிறவனின் முதுகுதான் பதிவாகும், போகும்போது கேமராவையும் எடுத்துக்கொண்டு போவான். மண் ரோடு தார் ரோட்டைத் தொடும் இடத்தில், வண்டி எண் தெரிகிற மாதிரி வையுங்கள். காப்பரைத் தலையில் சுமந்துகொண்டு போக மாட்டார்கள், வண்டி கட்டாயம் வரும். ஐந்தாறு கொட்டாய்க்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

8. யார், எப்போது எட்டிப் பார்ப்பது

தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் திருட்டு அன்றே தெரிந்துவிடும். மாங்காய் அறுவடை முடிந்த தோப்புகளிலும், நல்ல மழை பெய்து மோட்டார் போடாத வாரங்களிலும்தான் ஒயர் போனதே தெரியாமல் நாள் ஓடுகிறது. தடயம் அழியும், அக்கம் பக்கத்துக் கேமரா பதிவும் அழியும். ஆகவே மோட்டார் தேவைப்படாத நாட்களில்தான் அதிகம் போய்ப் பார்க்க வேண்டும். இதுவரைக்கும் செய்து வந்ததற்கு நேர் எதிரான பழக்கம் என்பதால் திரும்பவும் சொல்கிறேன்.

பக்கத்து நிலத்துக்காரர்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள். காலையில் பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் வழியில் இருக்கும் போர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகட்டும். குழுவில் "யாரோ சுற்றுகிறான்" என்று போடுவதில் பயன் இல்லை. வண்டி எண், நேரம், எந்தத் தடம் என்று மட்டும் போடுங்கள். பழைய இரும்பு எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நாணயமாகப் பிழைக்கிறவர்கள். வெளியூர் ஆள் என்ற ஒரே காரணத்துக்காக யார் படத்தையும் பரப்பாதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மரையும் பார்வையில் வையுங்கள். உங்கள் கொட்டாய்க்கு மட்டும் இரவில் மின்சாரம் போய், அடுத்த ஊரில் விளக்கு எரிந்தால் சும்மா இருக்காதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், எண் 94987 94987. காலையில் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் எண்ணெய் சிந்திக் கிடந்தால், கிட்டே போகாமல் லைன்மேனுக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்தில் காட்டோரமாக இருப்பவர்கள் இரவில் தனியாகக் காவலுக்குப் போக வேண்டாம். ஒயரை மறுபடி வாங்கலாம். யானை எதிரில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

9. இரண்டு காரியம் செய்யவே கூடாது

வேலியிலோ போர்க் கூட்டிலோ கரண்ட் விடாதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அடுத்தது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவோ, தண்ணீர் குடிக்க வந்த மாடாகவோ இருக்கலாம். திருடனே செத்தாலும் சிறைக்குப் போவது நீங்கள்.

பிடிபட்டவனை அடிக்கவும் கூடாது. அடித்த நிமிஷத்திலிருந்து வழக்கு உங்கள் மேல் திரும்பும். 112க்கு அழையுங்கள், வண்டிச் சாவியை எடுத்து வையுங்கள், கையில் இருக்கும் ஒயரோடு வீடியோ எடுங்கள். அது போதும்.

10. பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பேசுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். வாங்க ஆள் இல்லாத காப்பரை யாரும் ராத்திரியில் வந்து அறுக்க மாட்டார்கள்.

வார்டு உறுப்பினரையோ பஞ்சாயத்துத் தலைவரையோ சேர்த்துக்கொண்டு நாலைந்து பேராகப் போங்கள். மிரட்டப் போகக் கூடாது. "அண்ணே, எங்க பக்கம் ஒயர் போவுது. இந்த மாதிரி சரக்கு வந்தா வாங்காதீங்க, எங்களுக்கு ஒரு போன் போடுங்க" என்று கேட்கப் போகிறீர்கள். கடைக்காரருக்கும் இதில் லாபம் உண்டு என்பதைச் சொல்லுங்கள். திருட்டுச் சரக்கு பிடிபட்டால் போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போகும், கொடுத்த பணம் திரும்பாது.

என்ன சரக்கு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஃபிளாட் கேபிள் துண்டுகள், எரித்த காப்பர், பெயர்ப்பலகை சுரண்டிய மோட்டார், மின்வாரிய அலுமினியக் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் பாகங்கள்.

"எரித்த காப்பர் வைண்டிங் கடையிலிருந்தும் வருமே" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. சாதாரண மோட்டாரின் வைண்டிங் காப்பர் ஒற்றைக் கம்பியாக, காயிலில் இருந்த வளைவோடு வரும். கேபிள் காப்பர் மெல்லிய இழைகள் முறுக்கியது. எரித்தால் கறுத்து, மடக்கினால் இழை இழையாகப் பிரியும். இரண்டையும் கையில் எடுத்தால் போதும், ஒரே பார்வையில் தெரியும். ஏரிக்கரையிலோ கைவிட்ட கல்குவாரியிலோ பிளாஸ்டிக் எரித்த கறுப்புத் தடம் புதிதாகத் தெரிந்தால், அதையும் படம் எடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்புங்கள்.

கடையில் நான்கு பழக்கம் வைக்கச் சொல்லுங்கள். விற்க வந்தவரின் அடையாள அட்டை நகல், வண்டி எண், சரக்கோடு சேர்த்து ஒரு படம், காப்பருக்கு மட்டும் ரொக்கம் கொடுக்காமல் வங்கிக் கணக்கிலோ யு.பி.ஐ.யிலோ பணம். திருடனுக்குக் கடைசிப் பழக்கம்தான் பிடிக்காது. சொந்தப் பழைய ஒயரை விற்கும் விவசாயிக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. நீங்களும் விற்கும்போது பில் கேளுங்கள். நாம் கேட்டால்தான் அது கடையில் பழக்கமாகும்.

சட்டத்தையும் சொல்லி வையுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. அதையே தொழிலாக வைத்திருந்தால் பத்து ஆண்டு, ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். மின்சாரச் சட்டம் 2003-இன் 136-ஆம் பிரிவு, மின் ஒயரையும் மின் பொருளையும் உரியவர் சம்மதம் இல்லாமல் எடுப்பவரோடு, அதை வாங்கிப் பதுக்கி வைப்பவரையும் சேர்த்தே பிடிக்கும்.

பேசியதைக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை நாட்கள்தான். தீர்மான நகலை ஸ்டேஷனில் கொடுங்கள். கலெக்டர் ஆபீசில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் அதையே மனுவாகக் கொடுங்கள். ஒரு கடை மறுத்தால் சரக்கு அடுத்த ஊருக்குப் போகும். நான்குவழிச் சாலையில் ஏறினால் ஓசூர், பெங்களூரு வரைக்கும் போகும். அதனால் ஒரு பஞ்சாயத்து மட்டும் செய்தால் பாதிப் பலன்தான். பக்கத்துப் பஞ்சாயத்தையும் இழுங்கள்.

11. திருடு போன காலையில்

முதலில் மெயினை அணையுங்கள். மும்முனை மின்சாரம் இல்லை என்று நம்பி அறுந்த முனையைத் தொடாதீர்கள், ஒரு ஃபேஸ் வந்துகொண்டிருக்கலாம்.

அடுத்து, எதையும் சுத்தம் செய்யாமல் படம் எடுங்கள். அறுந்த முனை, கால் தடம், டயர் தடம், உடைந்த பூட்டு. அறுந்த முனையைச் சீவி விடாதீர்கள். வெட்டிய கருவியின் தடம் அதில் இருக்கும். மீதி ஒயரை இணைக்க வேண்டுமென்றால், அந்த முனையை அரையடி விட்டு வெட்டி, தாளில் சுற்றி எடுத்து வையுங்கள்.

அன்றைக்கே பெட்ரோல் பங்க், டீக்கடை, பால் சொசைட்டி கேமராக்களைக் கேளுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். கிடைக்கும் பகுதியைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், புகாரிலும் அந்த இடங்களைக் குறிப்பிடுங்கள்.

12. புகாரை இப்படி எழுதுங்கள்

"கொஞ்சம் ஒயரைக் காணோம்" என்று எழுதினால் அதோடு முடிந்து விடும். காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டங்களின்படி, திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்க முடியாது. ஆகவே மதிப்பு கட்டாயம் வேண்டும். பில் விலைப்படி ஒயர், உடைந்த பூட்டு, பெட்டி எல்லாம் தனித்தனியாக எழுதுங்கள். மதிப்பை உயர்த்தி எழுதாதீர்கள். பில்லுக்கும் புகாருக்கும் பொருந்தாவிட்டால் வழக்கே பலவீனமாகும்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: கடைசியாக ஒயரைப் பார்த்த நாள் நேரம், காணாமல் போனது தெரிந்த நாள் நேரம், சர்வே எண், மின் இணைப்பு எண், கேபிள் கம்பெனி, அளவு, நீளம், மதிப்பு.

இன்னொரு வரியையும் சேருங்கள்: ஒயர் அறுக்கப்பட்டதால் இத்தனை ஏக்கர் தக்காளிக்கு, அல்லது பூவுக்கு, பாசனம் நின்று போனது. விவசாயத்துக்கான தண்ணீரைக் குறைக்கும் சேதம், நியாய சன்ஹிதா 326-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டுதான். எந்தப் பிரிவு போடுவது என்பது போலீசின் முடிவு. ஆனால் நடந்ததை நீங்கள் எழுதாவிட்டால் அவர்கள் யோசிக்கவே வாய்ப்பில்லை.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல. பம்புசெட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் எஃப்.ஐ.ஆர். நகல்தான் கேட்பார்கள். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாலிசி எடுக்கும்போதே கேபிள் மட்டும் போனால் தருவார்களா, முழு பம்புசெட் போனால்தான் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே இரவில் பல பேருக்குப் போயிருந்தால் ஆளுக்கொரு புகார் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் மற்றவர்களுக்கும் போனதைக் குறிப்பிடுங்கள். சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் யாருடையது எவ்வளவு என்பது பின்னால் குழம்பும்.

13. பொருள் கிடைத்தால், மறுபடி இணைக்கும்போது

பிடிபட்ட ஒயரை ஸ்டேஷனில் கேட்டு எடுத்துக்கொண்டு வர முடியாது. நீதிமன்றத்தில் இடைக்காலப் பொறுப்பில் கேட்டு மனுப் போட வேண்டும். பில், படம், அந்த ஓரடித் துண்டு மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள். உத்தரவு கிடைத்தாலும், வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும், கவனியுங்கள்.

வந்த ஒயரை அப்படியே போரில் இறக்கி விடாதீர்கள். இழுத்து முறுக்கிய ஒயரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்து, இன்சுலேஷன் நன்றாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். சந்தேகம் இருந்தால் போருக்கு வெளியே வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புது இணைப்பு கொடுத்து மோட்டார் போட்டதும், தண்ணீர் முன்பு வந்த அளவு வருகிறதா என்று பாருங்கள். குறைவாக வந்தால் ஃபேஸ் மாறி மோட்டார் திருப்பிச் சுற்றுகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். உடனே நிறுத்தி, மெயினை அணைத்துவிட்டு, மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அப்படியே ஓட விட்டால் அடிபேரிங் தேய்ந்து, ஒயரோடு மோட்டார் செலவும் சேரும்.